பேதி என்ற தலைப்பில் இருந்த சீட்டு

கல்யாணத்துக்கு முன்னால் பதினான்கு மாதம் ஒரு பெண்கள் கல்லூரியின் நூலகத்தில் வேலை பார்த்தேன். பெரிய வேலை ஒன்றுமில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, பொருளில் ஒன்று என்று மூன்று சீட்டு எழுத வேண்டும். பிறகு அவற்றை அகர வரிசைப்படி இழுப்பறையில் செருகி, அடியில் ஒரு கம்பியைக் கோத்துவிட வேண்டும். என் கையெழுத்து குண்டு குண்டாகத் தெளிவாக இருக்கும் என்பதால் அதை என்னிடமே தள்ளிவிட்டார்கள். எனக்கும் பிடித்திருந்தது. யார் எந்தக் கேள்வியோடு வந்தாலும் அரை நிமிஷத்தில் ஒரு சீட்டு பதில் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அந்த இழுப்பறைகளிலிருந்துதான் எனக்கு ஒட்டிக்கொண்டது.

என் மகள் பிறந்து ஐந்தாம் மாதம், அம்மா எங்களை மயிலாப்பூரில் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திருச்சிக்கு ரயில் ஏறினாள். கோயில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில், ஐந்து போர்ஷன் கொண்ட வீடு அது. முன்பக்கம் வீட்டுக்கார மாமி. நாங்கள் நடுப் போர்ஷன். கொல்லையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு குழாய். என் கணவர் எட்டரை மணிக்குத் தேனாம்பேட்டையில் இருந்த தன் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு மாலை வரை நானும் குழந்தையும்தான்.

குழந்தை அழுதால் எனக்கு ஒன்றும் ஓடாது. பசியா, வயிற்று வலியா, எறும்பு கடித்ததா என்று தெரியாது. கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். வசம்பு சுட்டு உரசிக் கொடு என்றாள் ஒருத்தி. ஐயோ, வசம்பா என்றாள் இன்னொருத்தி. வானொலியில் மத்தியானம் பெண்களுக்கான நிகழ்ச்சியில் ஒரு டாக்டர் பேசுவார். வாரப் பத்திரிகையில் வேறொரு டாக்டர் அதற்கு நேர்மாறாக எழுதியிருப்பார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எதை எப்போது செய்வது என்று புரியாமல், செய்த பிறகு தப்போ என்று மறுபடி பயந்துகொண்டு இருந்தேன்.

அப்போதுதான் சீட்டு எழுத ஆரம்பித்தேன். நல்ல அட்டை வாங்கக் கணவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. வீட்டில் கல்யாணப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒரு பக்கம் அச்சு, மறுபக்கம் வெள்ளை. மஞ்சள் தடவிய ஓரங்களை வெட்டிவிட்டு உள்ளங்கை அளவுக்கு நறுக்கினால் நூலகச் சீட்டு மாதிரியே இருந்தது. பாண்டி பஜாரில் செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி அதற்குச் சரியாக அமைந்தது.

மேலே தலைப்பு, நடுவில் செய்தி, கீழே ‘சொன்னவர்’ என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியை ஒருபோதும் விடமாட்டேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத குறிப்பை இழுப்பறையில் சேர்க்கக் கூடாது என்பது நூலகத்தில் பழகிய பழக்கம். இருமல், உப்பு, எண்ணெய்க் குளியல், காது, சளி, தடுப்பூசி, தூக்கம், பல் என்று வரிசை வளர்ந்தது. ‘பல் முளைத்தல்: பேதி என்பதையும் பார்க்க’ என்று குறுக்குக் குறிப்புச் சீட்டுகளும் போட்டேன். செய்து பார்த்துப் பலித்தவற்றின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். மூன்று மாதத்தில் இருநூறு சீட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது.

“குழந்தை அழறது பார். எந்த இழுப்பறையில இருக்குன்னு தேடு” என்று கணவர் கேலி செய்வார்.

“சிரிங்கோ, சிரிங்கோ. நாளைக்கு நீங்க இருமினா அதுக்கும் சீட்டு இருக்கு” என்பேன்.

உண்மையில் பெட்டி வந்த பிறகு என் பயம் குறைந்தது. மாடிப் போர்ஷனில் என் வயதுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு இருந்தாள். முதலில் அவள் வந்து கேட்டாள். பிறகு பக்கத்து வீட்டிலிருந்தும் வந்தார்கள். “அந்தப் பெட்டியில பாரேன்” என்று அவர்கள் சொல்லும்போது எனக்குள் ஒரு கர்வம் எழும். அதை வெளியே காட்டாமல் விரலால் சீட்டுகளைத் தள்ளித் தேடுவேன்.

ஐந்து போர்ஷனுக்கும் பாத்திரம் தேய்க்க ஒரே பெண்மணி வந்துகொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவள். அவளை நீ என்றுதான் பேசினோம். அவளும் எங்களை நீ என்றே பேசினாள், ‘ம்மா’ மட்டும் சேர்த்து. காலையில் ஏழரைக்கு வந்து குழாயடியில் உட்காருவாள். காப்பிக்கு அவளுக்கென்று தனியாக ஓர் அலுமினிய டம்ளர் கிணற்று மதிலில் கவிழ்த்து வைத்திருக்கும். சதா பேசிக்கொண்டே தேய்ப்பாள். அவளுடைய வாய்க்குப் பயந்து வீட்டுக்கார மாமியே கொல்லைக் கதவைச் சாத்திவிடுவது உண்டு.

குழந்தைக்கு ஒன்பது மாதம் ஆனபோது பேதி கண்டது. முந்தைய நாள் மாலை ஆரம்பித்தது, விடிவதற்குள் ஆறேழு தடவை போய்விட்டது. அன்று பார்த்துக் கணவர் ஆபீஸ் வேலையாக வேலூர் போக வேண்டியிருந்தது. முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். நான் மாமியிடம் ஓடினேன்.

“பல் வரப்போறதுடி. அதான். ஒண்ணும் குடுக்காதே. தண்ணி குடுத்தா தண்ணியாவே போகும். வயத்தைக் காயப் போட்டா தானா நிக்கும். நான் அஞ்சு பெத்தவ, சொல்றேன்.”

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தேன். பேதி என்ற தலைப்பில் மூன்று சீட்டுகள் இருந்தன. ஒன்று, மாமி முன்பே ஒருமுறை சொன்னது. இரண்டாவது, மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் அத்தை சொன்னது. இரண்டிலும் தண்ணீரை நிறுத்து என்று இருந்தது. மூன்றாவது பத்திரிகையிலிருந்து எடுத்தது. கொதித்து ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இரு என்றது அது. சொன்னவர் இடத்தில், பெயர் தெரியாத ஒரு டாக்டர்.

இரண்டுக்கு ஒன்று. ஐந்து பெற்றவள் ஒருபுறம், முகம் தெரியாதவர் ஒருபுறம். நான் அந்த மூன்று சீட்டுகளையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தேன். குழந்தை தண்ணீர்க் கூஜாவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதது. பிறகு அழுகை முனகலாக ஆயிற்று. அது அடங்குகிறது என்று நான் ஆறுதல் பட்டேன். இதை எழுதுவதற்குக் கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்: மாமி சொன்னது பலிக்கிறது, சிவப்புப் புள்ளி வைக்கலாம் என்று.

பாத்திரம் எடுக்க வந்தவள் கொல்லை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“இன்னாமா, புள்ள தொவண்டு கெடக்குது?”

“பேதி. வயத்தைக் காயப் போட்டிருக்கேன்.”

“காயப் போட்டுகிறியா? தண்ணி கூடவா குடுக்கல?”

“குடுக்கக் கூடாதாம்.”

அதுவரை அவள் ஒருநாளும் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. அன்று வந்தாள். ஈரக் கையோடு குழந்தையை வாரி எடுத்தாள், கீழுதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் தண்ணீர்ப் பானைக்குள் தானே டம்ளரை விட்டு மொண்டாள்.

“ஸ்பூன் குடு. நிக்காத, குடுமா! நானும் எம் புள்ளைய இப்டித்தான் வச்சிக்கினு இருந்தேன். தண்ணி தண்ணின்னு கேட்டுகினே கெடந்துச்சி. கேக்கறத வுட்டுட்ச்சி, சரி தூங்குதுன்னு இருந்துட்டேன். ஒன்றர வயசு. ரெண்டாம் நாளு போய்ட்ச்சிமா. நீ குடு.”

அவள் ஒவ்வொரு ஸ்பூனாக விட, குழந்தை நாக்கை நீட்டி நீட்டிக் குடித்தது. அவளே தெருவுக்கு ஓடி ரிக்ஷா கூட்டிவந்தாள். லஸ் பக்கம் இருந்த டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “என்ன படிச்சிருக்கே?” பி.ஏ. என்றேன். அவர் நர்ஸைக் கூப்பிட்டார். உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் விதத்தை நர்ஸ் காட்டினாள்.

இரண்டு நாளில் குழந்தை தேறிவிட்டது. மறுநாள் நான் செய்த இரண்டு காரியங்களை இங்கே சொல்ல வேண்டும். அவள் டம்ளர் விட்டு மொண்ட பித்தளைப் பானையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். எதற்காக என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு உட்கார்ந்து ஒரு சீட்டு எழுதினேன்.

‘பேதி: தண்ணீரை நிறுத்துவதால் வரும் விளைவு. தண்ணீர் கொடுக்காததால் ஒன்றரை வயதுக் குழந்தை இரண்டாம் நாள் இறந்தது. காரணம் அறியாமை. ஆகவே உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்கவும். சொன்னவர்: பாத்திரம் தேய்ப்பவள், இறந்த குழந்தையின் தாய்.’

எழுதி முடித்து இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நேரடி அனுபவம், விளைவு, மாற்று வழி, ஆதாரம் எல்லாம் அமைந்த சீட்டு அது ஒன்றுதான் என்று திருப்தியாக இருந்தது. ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைத்தேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு காலை நேரம், மாடிப் போர்ஷன் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைத் தாழ்வாரத்துக்கு வந்தாள். அதற்கும் பேதி. வீட்டுக்கார மாமி அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பெட்டியை அங்கேயே கொண்டுவந்து திறந்து, அந்தச் சீட்டை எடுத்து, தலைப்பிலிருந்து கடைசி வரை உரக்கப் படித்தேன். சொன்னவர் வரியையும் விடாமல் படித்தேன். படித்துத்தான் பழக்கம். ஆதாரத்தோடு சொன்னால் நம்புவார்கள்.

“பாவம். படிக்காத ஜனம். அதுகளுக்கு என்ன தெரியும்?” என்றாள் மாமி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு வாய் வரை வந்தது. ‘நீங்கதானே மாமி அன்னிக்கு...’ என்று. சொல்லவில்லை. ‘நானும்தான் மாமி’ என்பதையும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். ஆமாம் என்பது போல ஆட்டினேன்.

அப்போதுதான் குழாயடியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது எனக்கு உறைத்தது. அவள் முதுகு எங்கள் பக்கம். கையில் என்னுடைய வெண்கலப் பானை.  பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். முடித்து, எல்லாவற்றையும் வழக்கம்போலக் கவிழ்த்து அடுக்கிவிட்டு, காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

மறுநாளும் வந்தாள். பேசவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. அவள் பேச்சில்லாத குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் சகிக்கவில்லை. நான் நல்ல டம்ளரில் காப்பி கொண்டுபோய் வைத்தேன். அது ஆடை படிந்து அங்கேயே இருந்தது. அதிகம் கட்டாத ஒரு புடவையை எடுத்து நீட்டினேன். “வாணாம்மா” என்றாள். கணவரிடம் சொன்னபோது, “அதையெல்லாம் எதுக்கு எழுதி வெச்சுண்டே? கிழிச்சுப் போடு, சரியாப் போயிடும்” என்றார். கிழிக்கத்தான் எடுத்தேன். கிழித்தால் என்ன சரியாகும் என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனேன்.

“அந்தச் சீட்டு இதான். கிழிச்சுடட்டுமா?”

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் பாதி பிள்ளையாரும், தங்க நிறத்தில் அச்சடித்த எழுத்துகளும் இருந்தன. விரலால் தடவினாள்.

“யாரு ஊட்டுக் கல்யாணம் இது?”

“என் சித்தி பெண்ணோடது.”

“எம் புள்ள செத்தத கல்யாணப் பத்திரிகையிலயா எழுதி வச்சிகிற?” கோபமாகக் கேட்கவில்லை. ஆச்சரியப்பட்டுக் கேட்டது மாதிரி இருந்தது. “படி. இன்னா எழுதிகீதுன்னு பாப்போம்.”

படித்தேன். ‘காரணம் அறியாமை’ என்ற இடத்தை விட்டுவிட்டுப் படித்தேன்.

“அவ்ளோதானா? அன்னிக்கு இன்னும் நீட்டா படிச்சியே.”

விட்டதையும் படித்தேன்.

“அப்டின்னா இன்னா?”

“தெரியாம செஞ்சதுன்னு அர்த்தம்.”

“தெரியாமத்தான் செஞ்சேன். வேணும்னா செய்வாங்க?” சீட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். “பேரு போடல?”

“எனக்குத் தெரியாதே.”

“நீ கேக்கலியே” என்றாள். பிறகு பெயரைச் சொன்னாள். சின்னப் பெயர். நான் அதை இங்கே எழுதவில்லை. அன்று சீட்டில் எழுதினேன், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

“உம் புள்ளைக்கு நீ காத்தாலேர்ந்து தண்ணி குடுக்காம ஒக்காந்துகினு இருந்தியே, அது எந்தச் சீட்டுல கீது?”

நான் கையிலிருந்த சீட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

“நான் படிக்காதவ, சரி. நீ? அத்தயும் எழுது. என்னுத கிழிக்காத, கெடக்கட்டும். ரெண்டும் ஒண்ணா கெடக்கட்டும்.”

அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து கரியும் நாருமாகத் தேய்க்கத் தொடங்கினாள். 

இருநூறு சீட்டு எழுதியவளுக்கு அந்த ஒரு சீட்டு வரவில்லை. முதலில் ‘ஒரு தாய்’ என்று எழுதினேன். கிழித்தேன். ‘படித்த ஒரு தாய்’ என்று எழுதினேன். அதில் கொஞ்சம் பெருமை கூடத் தொனித்தது. கிழித்தேன். மூன்றாவதில் மாமி சொன்னதைக் கேட்டு என்று ஆரம்பித்தபோது, பழி முழுவதும் அவள் பக்கம் நகர்ந்துவிட்டது. தவிர, வீட்டுக்காரி. பெட்டி தாழ்வாரத்துக்கு வந்து போகிறது. யாராவது படித்துவிட்டால், காலி பண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதையும் கிழித்தேன். ஒரு வாரம் பெட்டியையே திறக்கவில்லை. பாத்திரத்தை எடுத்து வைக்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள். கேட்கமாட்டாள்.

கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: ‘பேதி: என் ஒன்பது மாதக் குழந்தைக்கு விடிந்ததிலிருந்து ஏழரை மணி வரை நான் தண்ணீர் கொடுக்கவில்லை. கொடுக்கச் சொன்ன சீட்டு கையில் இருந்தது. பாத்திரம் தேய்க்க வருபவர் வந்து கொடுத்தார். சொன்னவர்: நான்.’ மாமியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இன்றுவரை இல்லை. அந்தப் பயத்தை நான் வெல்லவில்லை.

பேசாமலே இருவாரம் போயிற்று. பின்பக்கப் போர்ஷனுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. அந்தப் பெண் ஒரு காலையில் வெளிறிப்போய் வந்து நின்றாள். மடியில் ஏழு மாதக் குழந்தை. மாமி வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தாள். “காயப் போடு, தானா நிக்கும்” என்று அவள் சொல்லி முடித்தாயிற்று. குழாயடியில் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

பெட்டியைக் கொண்டுவந்தேன். இரண்டு சீட்டும் சேர்ந்தாற்போல் வந்தன. சீட்டைப் பார்க்காமல், தண்ணீரை நிறுத்தாதே, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடு என்று வாயால் சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் போதும். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அப்படித்தான் சொல்லவும் ஆரம்பித்தேன். தேய்க்கும் சத்தம் நின்றது.

என்னுடைய சீட்டை எடுத்தேன். குனிந்துகொண்டு படித்தேன். நான் தண்ணீர் கொடுக்கவில்லை என்ற இடத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“கொழா சத்தத்துல ஒண்ணும் கேக்கலமா. ஒரக்கப் படி” என்றாள் அவள், திரும்பாமலே.

முதலிலிருந்து உரக்கப் படித்தேன். மாமி கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். புதிதாக வந்த பெண் என்னையே பார்த்தாள். என்ன நினைத்தாளோ. பிறகு, “ஒரு டம்ளருக்கு உப்பு எவ்வளவு போடணும்?” என்று கேட்டாள். சொன்னேன். போனாள்.

அதன் பிறகு குழாயடியில் பழையபடி பேச்சு கேட்டது. மீன்காரி சண்டை, ரேஷன் கடை வரிசை, மாடி வீட்டுக்காரர் குறட்டை எல்லாம் சொல்வாள். நானும் வாசற்படியில் உட்கார்ந்து கேட்பேன். தன் பிள்ளைகளைப் பற்றி மட்டும் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. அவளுடைய மூத்த பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று மாடிப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.